கிளட்ச் அவள், கியர் அவன்

“நீயே சொல்லுக்கா. மாமா இப்படி ஒத்தக் கால்ல நின்னா நான் என்னதான் பண்றது?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது தம்பியின் காதில் விழுந்தது. கையிலிருந்த ஸ்பானரை எங்கே வைப்பதென்று தெரியாமல் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

ஷெட்டுக்குள் பிக்கப்பில் சாய்ந்து நின்றிருந்த அக்காவின் புருஷன்தான் முதலில் சிரித்தான். இடது பக்கத்துக் கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலுக்குக் கீழே மாட்டியிருந்த செயற்கைக் காலை ஒரு தட்டுத் தட்டினான்.

“வேற எத்தனை கால்ல நிக்கச் சொல்றே மச்சான்? எனக்கு இருக்கறதே ஒண்ணுதான்.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. தம்பிக்கு மட்டும் முகம் தெளிய நேரமானது. மெக்கானிக்கான அவன் அக்காவின் வண்டியைப் பார்க்க வாரம் ஒருமுறை வருவான். வரும்போதெல்லாம் இதே பேச்சுதான். நாலு வருஷம் ஓடிய ஆட்டோமேட்டிக் பிக்கப் ஒன்றை அவன் பார்த்து வைத்திருந்தான். நாலு சக்கரமும் இழுக்கும், மலைக்கான லோ கியரும் உண்டு. கிளட்ச் கிடையாது. ஓட்ட வலது கால் ஒன்று போதும்.

“அது கடைக்குப் போயிட்டு வர்ற வண்டிடா,” என்றான் அவள் புருஷன். “பின்னாடி ஒண்ணரை டன்னைக் கட்டி மேட்டுல ஏத்திப் பாரு. கியர்பாக்ஸ் கொதிச்சுப் போயிடும்.”

“தனியா ஒரு ஆயில் கூலர் போட்டுத் தரேன் மாமா. கொதிக்காது.”

“இறக்கத்துல? கியர் வண்டின்னா ஃபர்ஸ்ட்ல போட்டா எஞ்சினே பிடிச்சு நிறுத்தும். இது வழுக்கிக்கிட்டு ஓடும்.”

“லோவுல போட்டு, ஒண்ணுலயே இருன்னு லாக் பண்ணிடலாம். அதுவும் பிடிக்கும். உங்க வண்டி அளவுக்கு இறுக்கிப் பிடிக்காது, ஒத்துக்கறேன். ஆனா கல்லு மேல ஏறும்போது அதைப் பார்க்கணும் நீங்க. கால் வச்சா போதும், பூனை மாதிரி ஏறும். பாதியில அணையாது, பின்னாடி உருளாது. இந்த ஒரு வருஷத்துல உங்களுக்கு எத்தனை கிளட்ச் பிளேட் மாத்தியிருக்கேன் சொல்லுங்க?”

“மூணு,” என்றாள் அவள்.

“நீ யார் பக்கம்டி?”

“நான் கிளட்ச் பக்கம். தேய்ஞ்சது அதுதானே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

மலை உச்சிகளில் நிற்கும் போன் டவர்களுக்கு டீசல் கொண்டுபோவது அவன் தொழில். பிக்கப்பின் பின்னால் ட்ரெய்லர், ட்ரெய்லர் மேல் டேங்க். தார்ச்சாலை மலையடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் கல்லும் சேறும்தான் பாதை. இருபத்திரண்டு வருஷமாக அதில் ஏறி இறங்கியவன். போன வருஷம் ஒருநாள் ட்ரெய்லரைக் கழற்றும்போது அதன் முன்பக்கம் சரிந்து இடது பாதத்தின் மேல் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. புண் ஆறவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று.

செயற்கைக் காலால் நடக்க ஆறு வாரத்தில் பழகிவிட்டான். கிளட்ச் மிதிக்கத்தான் முடியவில்லை. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் விடுகிறது என்பது பாதத்துக்குத்தான் தெரியும். அவனுடைய புதுப் பாதத்துக்கு எதுவுமே தெரியாது.

அதனால் அவள் ஓட்ட வந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். பதினேழு வருஷ வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, டீசல் நாற்றமடிக்கும் டிரைவர் ஸீட்டில் வந்து உட்கார்ந்தாள். கார் ஓட்டத் தெரியும். பின்னால் பாரம் இழுக்கும் வண்டியைக் கல்பாதையில் ஓட்டத் தெரியாது. ஸ்டீயரிங் இரண்டு கையையும் கேட்டது. பழைய கியரோ அடம்பிடித்தது. அவள் ஒரு கையால் அதோடு மல்லுக்கட்டுவதற்குள் வண்டி நின்றுவிடும், ட்ரெய்லர் பின்னால் இழுக்கும். முதல் வாரம் ஏற்றத்தில் நாலாவது முறை அணைந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து ஸீட்டிலிருந்த அவன் ஒன்றும் பேசாமல் கையை நீட்டிக் கியரைப் பிடித்துக்கொண்டான்.

“நீ ஸ்டீயரிங்கைப் பாரு, காலைப் பாரு. கியரை நான் பார்த்துக்கறேன். கிளட்ச் மிதிச்சதும் ஒரு குரல் கொடு.”

“என்னன்னு கொடுக்கறது?”

“உனக்கு வாய்க்கு வந்தபடி.”

வாய்க்கு வந்தது ‘ம்’. அதுவே நிலைத்தும்விட்டது. அவள் மிதித்து ‘ம்’ என்பாள். அவன் கை அடுத்த கியருக்குப் போகும். ஒரு மாதத்தில் அந்த ‘ம்’முக்கும் கியருக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் போனது. டவரில் வேலை செய்யும் ஆபரேட்டர், “டிரைவர் ஒருத்தர்தான், ஆனா ரெண்டு ஸீட்ல உட்கார்ந்து வர்றாரு” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவனுக்கு அதைக் கேட்கப் பிடிக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளோடு ஒரு நாளில் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்ததில்லை. அவள் ஷிஃப்டுக்குப் போனால் இவன் மலைக்குப் போவான். இப்போது நாள் முழுக்க அவள் பக்கத்திலேயே இருந்தாள்.

ஆட்டோமேட்டிக் வந்தால் அவன் தனியாக ஓட்டலாம். தம்பி அதை ஒரு நல்ல விஷயமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று அவர்கள் டீசல் கொண்டுபோகவில்லை. மேல் டவரில் பழுதாகிக் கிடந்த பழைய ஜெனரேட்டரைக் கீழே கொண்டுவர வேண்டும். போகும்போது ட்ரெய்லர் காலி, வரும்போது பாரம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. வெயில் ஏறிய பிறகு கிளம்பினார்கள்.

மேலே ஆபரேட்டர் சங்கிலிக் கப்பியால் ஜெனரேட்டரைத் தூக்கி ட்ரெய்லரில் இறக்கினார். அவன் நாலு மூலையிலும் பட்டை போட்டு இறுக்கி, ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்தான். உதைத்தது நல்ல காலால்.

“பார்த்துப் போங்க அண்ணி,” என்றார் ஆபரேட்டர். “கிழட்டு ஜெனரேட்டர். ஆனா உங்க வீட்டுக்காரரை விடக் கனம்.”

“பிடிவாதத்தையும் சேர்த்து எடை போட்டா இவருதான் ஜாஸ்தி,” என்றாள் அவள்.

இறக்கம் தொடங்கியது. லோவில் இரண்டாவது கியர். எஞ்சின் முனகிக்கொண்டே பாரத்தைப் பிடித்திருந்தது. ஒரு கிலோமீட்டருக்குப் பிறகு பாதையோரத்தில் வெள்ளை அடித்த கல் ஒன்று வரும். அதற்கு அப்புறம் செங்குத்து. கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் பிரேக் போட்டு வேகத்தைக் குறைப்பாள், கிளட்ச் மிதிப்பாள், ‘ம்’ என்பாள். அவன் ஃபர்ஸ்டுக்கு மாற்றுவான். ஒரு வருஷமாக அப்படித்தான்.

“வெள்ளிக்கிழமைதானே கடைசி நாள்?” என்றான் அவன்.

ஸ்டீயரிங் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின. “பார்த்துட்டீங்களா?”

“சாக்ஸ் தேடறப்போ பார்த்தேன். கால்ல மாட்டற சாக்ஸுக்கு அடியில வச்சிருந்தே. நான் தினமும் திறக்கற டிராயர்ல கொண்டுபோய் யாராவது லெட்டரை ஒளிப்பாங்களா?”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம் அது. விடுப்பை இரண்டு முறை நீட்டியாயிற்று, இனி நீட்ட முடியாது. முதல் தேதி வேலைக்குத் திரும்புவதாக வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுப்பார்கள். பதினேழு வருஷம் அதோடு முடிந்துவிடும்.

“என்ன எழுதப் போறே?”

“தெரியல.”

“தெரியலன்னா?”

“தெரியலன்னா தெரியலதான். ரோட்டைப் பாருங்க, இல்லாட்டி என்னைப் பார்க்க விடுங்க.”

அவன் கொஞ்சநேரம் ரோட்டைப் பார்த்தான். வெள்ளைக் கல் கண்ணுக்குத் தெரிந்தது. பழக்கத்தில் கை கியரின் மேல் போய் உட்கார்ந்தது. இதை வீட்டில் கேட்டிருக்கலாம். பத்து நாளாக வீட்டில் கேட்க வாய் வரவில்லை. இங்கேதான் வந்தது.

“திரும்பப் போகணும்னு இருக்கா உனக்கு?”

“ம்,” என்றாள் அவள்.

அவன் கை கியரைத் தள்ளிவிட்டது.

பல் உரசும் சத்தம் ஒன்று அடியிலிருந்து கேட்டது. கியர் இரண்டாவதிலிருந்து கழன்று வந்தது, ஃபர்ஸ்டில் விழவில்லை. எஞ்சினின் முனகல் சட்டென்று அடங்கியது. அந்த அமைதிதான் பயங்கரமாக இருந்தது. வண்டியைப் பிடித்து வைத்திருந்த கை எடுபட்டாற்போல எல்லாமே முன்னால் பாய்ந்தன.

“கிளட்ச்! கிளட்ச் மிதி!”

“என்ன பண்ணினீங்க?”

அவள் பிரேக்கை மிதித்தாள். சேற்றில் சக்கரம் வழுக்கியது. பின்னாலிருந்து ட்ரெய்லர் தள்ளியது. கண்ணாடியில் ஜெனரேட்டர் ஒரு பக்கமாக வளைந்து வருவது தெரிந்தது. வெள்ளைக் கல் அவர்களைக் கடந்துபோனது. இப்போது கிளட்சை மிதித்தாள், அவன் கியரைத் தள்ளினான். உள்ளே போகாமல் கத்தியது. வேகம் கூடிவிட்டது.

“பிரேக்கை விடு,” என்றான் அவன். குரல் விநோதமாக நிதானமாக இருந்தது. “கிளட்சையும் விடு. ஆக்சிலேட்டரை மிதி.”

“இறக்கத்துலயா?”

“மிதிம்மா.”

உடம்பில் இருந்த ஒவ்வொரு நரம்பும் வேண்டாம் என்றது. அவள் மிதித்தாள். எஞ்சின் அலறியது. அவன் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான், கை கியரின் மேலேயே இருந்தது.

“இன்னும். இன்னும்... இப்ப கிளட்ச்.”

அவள் குரல் கொடுக்கவில்லை. கொடுக்க நேரமில்லை. அவள் கால் இறங்கியதை அவன் எப்படியோ அறிந்தான். கியர் வெண்ணெயில் கத்தி போல இரண்டாவதில் இறங்கியது.

“விடு!”

எஞ்சின் பாரத்தைப் பிடித்தது. இரண்டு பேரின் தலையும் முன்னால் போய்த் திரும்பியது. வண்டி குறைந்த வேகத்தில், ஆனால் இன்னும் நிற்காமல், வளைவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்மேடு. மேடு அவன் பக்கம் இருந்தது. அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள்.

“என் பக்கம் திருப்பு. பரவாயில்ல.”

திருப்பினாள். கண்ணாடி நொறுங்கியது. கதவு மண்ணை உழுதுகொண்டே போனது. ஈர மண் ஜன்னல் வழியாக அவன் மடியில் வந்து விழுந்தது. பிறகு எல்லாம் நின்றது. எஞ்சின் அணைந்தது.

அவன் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. அவளுடைய ஸீட் வழியாகத்தான் வெளியே வரவேண்டியிருந்தது. செயற்கைக் கால் கியரில் மாட்டிக்கொண்டது. அவள் கீழே நின்று இரண்டு கையாலும் அவனை இழுத்தாள். வெளியே வந்ததும் அவன் சக்கரங்களுக்குக் கல் வைத்தான், பட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். ட்ரெய்லரின் பின்சக்கரம் பாதையின் விளிம்பில் நின்றிருந்தது. அதற்கு அப்புறம் காற்றுதான்.

பாதையோரத்தில் உட்கார்ந்தார்கள். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ கிளட்ச் மிதிக்கல.”

“இல்ல.”

“ஆனா ‘ம்’னு சொன்னே.”

“நீங்க கேட்டீங்களே. அதுக்குச் சொன்னேன்.”

அவன் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான். என்ன கேட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. கேட்டது வாய். பதில் வந்தபோது அதைக் கேட்டுக்கொண்டது காது அல்ல, கை.

“எத்தனை நாளா?” என்றான்.

“என்னது?”

“போகணும்னு.”

அவள் சேறு படிந்த செருப்பைக் கழற்றிக் கல்லில் தேய்த்தாள். “லீவு எழுதிக் கொடுத்தேனே, அதுக்கு மறுநாள்லேருந்து.”

“ஒரு வருஷமாவா?”

“உங்களைப் பார்த்துக்கறது எனக்குக் கஷ்டமில்ல. அதை முதல்ல புரிஞ்சுக்கோங்க. இந்த மலையில உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கறதும் கஷ்டமில்ல. ஆனா அங்க நான் முழு ஆளுங்க. இங்க பாதி.”

“நானும் பாதிதான்.”

“தெரியும். அதனாலதான் வாயைத் திறக்கல. நான் போனா உங்களோட பாதி என்ன ஆகும்னு யோசிச்சு யோசிச்சு...” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அதில் கிரீஸ் கறை இருந்தது, மூக்கின் மேல் கறுப்பாக ஒட்டிக்கொண்டது.

அவன் கட்டைவிரலால் அதைத் துடைக்கப் பார்த்தான். இன்னும் பரவியது.

“நான் கேட்டிருக்கணும்,” என்றான். “கேட்டா நீ போறேன்னு சொல்லிடுவியோன்னு பயம். ஆட்டோமேட்டிக் கொதிக்கும், வழுக்கும், அது இதுன்னு மச்சான்கிட்ட சொன்னதெல்லாம்... கொதிக்கத்தான் செய்யும், பொய்யில்ல. ஆனா அதுக்காகச் சொல்லல.”

“அதுவும் தெரியும்.”

“எல்லாம் தெரியும். எக்ஸ்ரே எடுக்கறவளைக் கட்டினா இதான் கதி.”

அவள் அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள். அவன் போனை எடுத்தான். டவருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்ததால் உடனே லைன் கிடைத்தது. முதல் மணியிலேயே தம்பி எடுத்தான்.

“மச்சான், கயிறு எடுத்துக்கிட்டு உன் வண்டியில மேல வா. வெள்ளைக் கல்லுக்குக் கீழ நிக்கறோம். இல்லடா, ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. கத்தாதே.” கொஞ்சம் நிறுத்தினான். அவளைப் பார்க்காமலே சொன்னான். “நீ பார்த்து வச்சிருந்தியே, அது இன்னும் இருக்கா? வித்துடலியே?”

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கடிதம் எழுதினாள். தபாலில் போடவில்லை, நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் வெளியே வண்டியில் காத்திருந்தான்.

ஆட்டோமேட்டிக்கைப் பழகுவது அவன் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினான். முதல் திருப்பத்திலேயே அவனுடைய இடது தொடை தானாக எழும்பி, செயற்கைக் காலைக் கொண்டுபோய், இல்லாத கிளட்சைத் தேடியது. கிளட்ச் இருக்கவேண்டிய இடத்தில் அகலமான பிரேக் இருந்தது. வண்டி ஆணி அடித்தாற்போல நின்றது. தம்பியின் நெற்றி டேஷ்போர்டில் இடித்தது.

“மாமா, அந்தக் காலுக்கு இங்க வேலையே இல்ல!”

“எனக்குத் தெரியும்டா. அதுக்கு யாரு சொல்றது?”

பத்து நாள் ஆயிற்று அதற்குச் சொல்லிப் புரியவைக்க. காலை ஸீட்டோடு பின்னால் ஒட்டி வைத்துக்கொள்ளப் பழகினான். சாய்வில் நிறுத்திக் கிளம்ப, ட்ரெய்லரைப் பின்னால் தள்ள, லோவில் போட்டு முதல் கியரிலேயே லாக் செய்து இறங்க, ஒவ்வொன்றாகப் பழகினான். சில சமயம் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப்போய்த் தள்ளி நின்றான். அப்போதெல்லாம் தம்பி ஒன்றும் கேட்காமல் கூலரைப் பார்ப்பதுபோல பானெட்டைத் திறந்துகொண்டான்.

முதல் தேதி காலையில் அவள் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டாள். வாசலில் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

“மேல போனதும் கூப்பிடுங்க.”

“மேல போறது பெரிசில்ல. இறங்கினதும் கூப்பிடறேன்.”

டேங்கில் டீசலோடு அவன் தனியாக ஏறினான். தம்பி சொன்னது பொய்யில்லை. கல் படிகளில் வண்டி அவசரமில்லாமல் ஊர்ந்து ஏறியது. ஓரிடத்திலும் அணையவில்லை. அவன் சொன்னதும் பொய்யில்லை. பாதி வழியில் சூடு காட்டும் முள் மேலே ஏறியது, நிறுத்தி ஆறவைக்க வேண்டியிருந்தது. அந்த இருபது நிமிஷமும் பக்கத்து ஸீட்டைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே ஆபரேட்டர் வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்து, காலி ஸீட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டீசலை இறக்கிவிட்டுத் தண்ணீர் மட்டும் கொடுத்தார்.

இறக்கத்தில் லோவில் போட்டு லாக் செய்தான். பழைய வண்டியைப் போல அது இறுக்கிப் பிடிக்கவில்லை. செங்குத்தில் அவ்வப்போது பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடவேண்டியிருந்தது. தொட்டான், விட்டான். காலி டேங்க் பின்னால் சொன்னபடி வந்தது. மண்மேட்டில் கதவு உழுத தடத்தின் மேல் அதற்குள் புல் முளைத்திருந்தது.

தார்ச்சாலைக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தி அவளுடைய ஆஸ்பத்திரி எண்ணுக்குப் போன் செய்தான். எடுத்தது வேறு ஒரு பெண்.

“எக்ஸ்ரே ரூம். அக்கா உள்ள இருக்காங்க, பேஷண்ட் படுத்திருக்காரு. யாரு பேசறது?”

“அவங்க வீட்டுக்காரர்.”

“அவசரமா சார்? கூப்பிடட்டுமா?”

“வேண்டாம், வேண்டாம். இறங்கிட்டேன்னு மட்டும் சொல்லுங்க.”

“எங்கேருந்து சார்?”

“சொன்னாப் புரியும்.”

அந்தப் பெண் ரிசீவரை மேஜைமேல் வைத்தாள், துண்டிக்கவில்லை. காலடிச் சத்தமும் கதவுச் சத்தமும் கேட்டன. அதற்கு அப்பால், கொஞ்சம் தூரத்தில், அவள் குரல் யாரோ ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தது. பதினேழு வருஷ வேலையில் அவள் அப்படிப் பேசி அவன் ஒருநாளும் கேட்டதில்லை. தயங்காத, கனிவான, யாரையும் எதிர்பார்க்காத குரல்.

“பயப்படாதீங்க ஐயா. மூச்சை நல்லா உள்ள இழுங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க. அசையக் கூடாது.”

போனைக் காதிலிருந்து எடுக்காமல், வண்டிக்குள் அவனும் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.